யாரும் திறக்காத அலமாரி

அந்தப் பென்சில் கோடு என்னுடையது. அதற்குக் கீழே இருக்கும் ‘போதும்’ என்னுடையது. பக்கத்தின் மூலையில் பாதி வட்டமாகப் படிந்திருக்கிறதே காப்பிக் கறை, அது என் கோப்பையின் கறை. கைப்பிடி உடைந்த, நீலப் பூப்போட்ட கோப்பை.

சுவர் அகலத் திரையில் அந்தப் புத்தகப் பக்கம் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. வாயைத் திறந்தால் எதுவாவது வந்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்து முழுதாக வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

“இந்தக் கறையக் கொஞ்சம் பாருங்க,” என்றார் திரைக்குப் பக்கத்தில் நின்றவர். பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதித் தருவது அவருடைய தொழில். அலுவலகத்தில் அவரை வாழ்க்கைக்காரர் என்று கூப்பிட்டார்கள். “விடியக்காலை. ஊரே தூங்குது. ஒரு மனுஷன் மட்டும் கையில காப்பியோட ஒக்காந்து தன்னோட மனசாட்சிகூடப் பேசிக்கிட்டிருக்கான். இந்த ஒரு கறைக்கு நான் ரெண்டரைப் பக்கம் எழுதியிருக்கேன்.”

சீஃப் காப்பி குடிக்கமாட்டார். குடித்தால் நெஞ்சு எரியும். அறுபது பேர் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. மேசையின் நடுநாயகமாக, கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சீஃபைப் பார்த்தாள். எழுபத்தொன்பது வயது. இந்த நாட்டு ஜனங்கள் எதைக் கொண்டு பல் தேய்க்கவேண்டும், எதற்காக வெட்கப்படவேண்டும் என்று நாற்பது வருடம் தீர்மானித்த விளம்பர மன்னர். அவர் வருவதற்கு முன்னால் இங்கே யாரும் தங்கள் அக்குளைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. சீஃப் அந்தக் காப்பிக் கறையை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே, ஆமாம் என்று தலையாட்டினார்.

அவள் பிஸ்கட்டை விழுங்கினாள்.

சீஃபைப் பற்றி ஏற்கெனவே மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன. முதலாவது அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வந்தது. அதில் அவர் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தார். அவருடைய அப்பா மின்சாதனக் கடை வைத்திருந்தவர். வீட்டில் அறைக்கு மூன்று விளக்கு என்பதை எழுதியவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். இரண்டாவதைக் கம்பெனியே போட்டது. நூற்று நாற்பது படங்கள், அதில் தொண்ணூறில் சீஃப் காதில் தொலைபேசியோடு இருப்பார். மூன்றாவதை எழுதியவர் கூட்டு விட்டுப் பிரிந்துபோன பழைய பங்காளி. அது கடைக்கு வந்த வாரமே அத்தனை பிரதிகளையும் கம்பெனி வாங்கி, கம்ப்யூட்டர் திரைகளுக்கு உயரம் கொடுக்க ஆளுக்கு நான்கு என்று அடுக்கிக் கொடுத்துவிட்டது. கழுத்து வலிக்கு நல்ல புத்தகம் என்று பெயர் வாங்கியது.

முதல் புத்தகத்தில் சீஃப் ஏழை. இரண்டாவதில் பிஸி. மூன்றாவதில் அயோக்கியர். மனசு என்று ஒன்று அவருக்கு இருந்ததாக மூன்றிலும் தகவல் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நான்காவது.

நான்காவதற்கு வழி காட்டியது கம்பெனியின் இடமாற்றம். புதுக் கட்டடம் முழுக்கக் கண்ணாடி, ஆணியடிக்க இடமில்லை. சீஃபின் அறையில் இருந்த தேக்கு அலமாரியைக் காலி செய்யும்போது ஒரு பெட்டியின் அடி பிய்ந்து, புத்தகங்கள் மாடிப்படியில் உருண்டு, அவற்றில் ஒன்று பிரிந்து விழுந்திருக்கிறது. அன்றைக்கு என்று பார்த்து வாழ்க்கைக்காரர் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தார். குனிந்து எடுத்தார். ஓரத்தில் பென்சில் எழுத்து. அடுத்ததைப் பிரித்தார். அதிலும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். விளம்பரம், வியாபாரம், தலைமைப் பண்பு, பெரிய முதலாளிகளின் சுயசரிதைகள். கருங்கல்லைப் போன்ற அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் ஒரு மனம் இருபத்திரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தது.

யாருடைய அலமாரியோ அவருடைய மனம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

“கையெழுத்துதான் ஒரு சின்னச் சிக்கல்,” என்றார் வாழ்க்கைக்காரர். “சார் எல்லாத்தையும் வாயால சொல்லியே பழக்கப்பட்டவர். கைப்பட எழுதின ஒரு கடுதாசி கிடைக்கல. பதிப்பகத்து வக்கீல் சாட்சி வேணுங்கறார். அந்த ரூம்ல கூடவே இருந்து பார்த்தவங்க யாருன்னு விசாரிச்சா, எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க, கார்டு அக்கா.”

ஒரு தாளை அவள் பக்கமாகத் தள்ளினார். ‘மேற்படி ஓரக் குறிப்புகள் யாவும் அவர் தம் கைப்பட எழுதியவையே என்பதை, அவரிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்த நான் நேரில் அறிவேன்.’ கீழே ஒரு கோடு. அதற்கு அடியில் அவளுடைய பெயரை முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு அச்சுக்குப் போகுது. அவசரமில்ல. நாளைக்குப் பத்து மணிக்குள்ள போட்டா போதும்.”

அவள் தாளை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

அவளுடைய வேலைக்கு ஒழுங்கான பெயர் கிடையாது. சம்பளப் பட்டியலில் ‘உதவியாளர்’ என்று இருந்தது. செய்தது, சீஃபுக்காகப் புத்தகம் படிப்பது.

வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் புத்தகங்கள் வரும். அவள் படித்து, உள்ளங்கை அளவு கார்டில் ஐந்து வரி டைப் அடித்துக் கொடுக்கவேண்டும். ஐந்துக்கு மேல் ஆறாவது வரி இருந்தால் சீஃப் கார்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். “அஞ்சு வரில சொல்ல முடியாத புஸ்தகத்த எழுதினவன் உருப்படமாட்டான்,” என்பார். காரில் போகும்போது கார்டைப் பார்த்துக்கொள்வார். கூட்டத்தில், “போன வாரம் ஒரு புஸ்தகம் படிச்சேன்,” என்று ஆரம்பித்தால் எதிரிலிருக்கும் சோப்புக் கம்பெனிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஒரு கார்டில் இருந்த வரி சீஃபுக்கு ரொம்பப் பிடித்து, கடைசிவரை சட்டைப் பையிலேயே இருந்தது: முதலில் பயத்தைக் கண்டுபிடி, பிறகு பொருளை நீட்டு. அது ஒரு புத்தகத்தின் முந்நூற்று எண்பது பக்கங்களைப் பிழிந்து அவள் எடுத்த சாறு.

புத்தகங்கள் அலமாரிக்குப் போகும். அட்டையின் நிறம் பார்த்து அடுக்கியது கலைப் பிரிவு. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியிலிருந்து பார்த்தால் தலைப்புகள் படிக்கத் தெரியவேண்டும், அதுதான் கணக்கு. சீஃப் பேச்சின் நடுவில் எழுந்துபோய் ஒன்றை உருவிப் பிரித்துப் படிப்பதும் உண்டு. அதற்கென்று மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றிலும் பக்கம் பார்த்துத் துண்டுச்சீட்டு வைத்திருந்தாள். மற்றவற்றை வெள்ளிக்கிழமை தூசி தட்டுபவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. அவரும் பிரிக்கமாட்டார், தட்டுவார்.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு டைரி வைத்திருந்தாள். துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்ததை நாத்தனார் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். நல்ல குரல்வளம் அவளுக்கு. ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். மாமனார் இரண்டாம் முறை கறி போட்டுக்கொள்ளும்வரை படித்தாள். புருஷன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் தனக்கென்று இருப்பது பல்துலக்கும் பிரஷ் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அதையும் ஒருநாள் யாரோ மாற்றி எடுத்துவிட்டார்கள்.

எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. உள்ளே ஏதோ சேர்ந்துகொண்டே போனது. அப்போதுதான் ஒரு மதியம், ஒரு டயர் முதலாளியின் சுயசரிதையைப் படித்துக்கொண்டிருந்தபோது, அதன் ஓரம் எவ்வளவு அகலமாக, எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று தோன்றியது. இதை யார் பிரிக்கப் போகிறார்கள்? வாங்கியவர் பிரிக்கமாட்டார். வருகிறவர்கள் புத்தகத்தின் முதுகைத்தான் பார்ப்பார்கள். உலகத்தில் இதைவிடப் பாதுகாப்பான பெட்டகம் உண்டா?

கையில் பென்சில் இருந்தது. ‘போதும்’ என்று எழுதினாள். அதுதான் முதல் குறிப்பு.

வேலையை விட்டு நின்ற கடைசி நாள், ரப்பர் கொண்டுபோனாள். எல்லாரும் கேக் வெட்டப் போயிருந்தார்கள். கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்து அதிலிருந்த முதல் குறிப்பை அழித்தாள். அழித்த இடம் மட்டும் பழுப்புத் தாளில் பளிச்சென்று, யாரோ எதையோ மறைத்தது போலத் தனியாகத் தெரிந்தது. நூறு பக்கம் அழித்தால் நூறு பளிச்சென்ற இடம். சாக்கு கிடைத்ததில் ஒரு ஆறுதல் இருந்ததை அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. ரப்பரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கேக் சாப்பிடப் போனாள்.

*

சாயங்காலம் மகள் வரும்போது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு முப்பத்தொரு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். அதே கம்பெனியில் பக்க வடிவமைப்பு. நான்காவது புத்தகத்தை அடுக்கிக்கொண்டிருப்பது அவள்தான். இரண்டு மாதமாக அந்த ஓரக் குறிப்புகளின் படங்களோடு குடித்தனம் நடத்துகிறாள்.

“அம்மா, நாளைக்கு நீ கையெழுத்துப் போட வர்றியாமே. எனக்குச் சொல்லவே இல்ல பாரு. பெரிய ஆளுதான் நீ.”

“செருப்பக் கழட்டி ஓரமா வை.”

“சீஃப் இவ்வளவு ஃபீல் பண்ணி எழுதுவாருன்னு யாருக்கும்மா தெரியும்? லிஃப்ட்ல நேருக்கு நேர் பாத்தாகூட எந்த டிபார்ட்மெண்ட்னு கேட்பாரு. ஏழு வருஷமா கேக்கறாரு.” சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தாள். “இதக் கேளேன். எனக்குப் பிடிச்சது இதான்.”

“ஈரம் இருக்கு, எறங்கு.”

“கேளும்மா.” குரலைச் சரிசெய்துகொண்டு படித்தாள். “‘ஏழாம் மாதம். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை? இது வராமலே இருந்திருக்கலாம்.’”

அவள் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது. உடையவில்லை. எவர்சில்வர்.

அந்த வருடம் சீஃப் அவளைக் கார்டிலிருந்து விடுவித்து விளம்பரம் எழுத வைப்பதாகச் சொல்லியிருந்தார். நாற்காலிகூட மாற்றிப் போட்டார்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, வாழ்த்துதான் சொன்னார்கள். வீட்டில் தொட்டில் வாங்கினார்கள். உள்ளே ஒன்று அசையும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இதுக்கு வாழ்க்கைக்காரர் எழுதியிருக்கற விளக்கத்தக் கேளு,” என்றாள் மகள். “‘சலவைத்தூள் விளம்பரம் வெளியாகி ஏழாவது மாதம். விற்பனை உச்சத்தில். கொண்டாட்டத்தின் நடுவே ஒரு கலைஞன் மட்டும் தன் படைப்பில் திருப்தி அடையாமல் தவிக்கிறான்.’ எப்பிடி?”

“நல்லாருக்கு.”

“இன்னொண்ணு. இது ஒரு அஞ்சு மாசம் தள்ளி. ‘வந்துவிட்டாள். இன்னும் பழகவில்லை. மூக்கு மட்டும் என்னுடையது.’ இதுக்கு மனுஷன் என்ன எழுதியிருக்காருன்னு நினைக்கறே? சீஃப் கம்பெனியத் தன் மகளாவே நினைச்சாராம். மூக்குன்னா சந்தையில எது விலைபோகும்னு மோப்பம் பிடிக்கற சக்தியாம்!” மகள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூக்கு நுனி லேசாகக் கீழே வளையும். “எங்க ரூம்ல எல்லாரும் உருண்டு பொரண்டு சிரிச்சோம். கம்பெனிக்கு எதுக்கும்மா மூக்கு?”

அவள் தட்டைத் திரும்ப எடுத்து, ஏற்கெனவே தேய்த்ததை மறுபடி தேய்த்தாள். அம்மாவின் மனதில் இருந்ததை முப்பத்தொரு வருடம் கழித்து மகள் அம்மாவுக்கே படித்துக் காட்டுகிறாள். நாத்தனாருக்கு இருந்த குரல்வளம் இவளுக்கும் இருந்தது. ரத்தம் எங்கே போகும்.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? அது நான்தான் பாப்பா. அந்த ‘இது’ நீதான். சொல்லிவிட்டுத் தட்டைத் துடைத்து வைக்கலாம். அதற்குப் பிறகு வந்த குறிப்புகளையும் படி, தேடிப் படி என்று கெஞ்சலாம். ஆனால் ஒரு தடவை ‘வராமலே இருந்திருக்கலாம்’ என்று கேட்ட காது அதற்குப் பிறகு வேறு எதைக் கேட்கும்?

பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. சலவைத்தூள்தான். சலவைத்தூள் வராமலே இருந்திருக்கலாம். யாருக்கு நஷ்டம்?

“அந்த எழுத்து உனக்கு…” என்று ஆரம்பித்தாள்.

“என்னது?”

“படிக்கக் கஷ்டமா இல்லையா?”

“பென்சில்னால மங்கிப்போச்சு. நான்தான் கம்ப்யூட்டர்ல கருப்பாக்கினேன்,” என்றாள் மகள் பெருமையாக. பிறகு போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “எங்கயோ பாத்த எழுத்து மாதிரியே இருக்கும்மா. ஸ்கூல் லீவ் லெட்டர்ல எல்லாம் வருமே, அந்தக் காலத்து எழுத்து.”

அவள் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

*

மறுநாள் ஒன்பதரைக்கே போனாள். சீஃப் தனியாக இருந்தார். புது அறையின் நான்கு பக்கமும் கண்ணாடி. அலமாரிக்கு இடமில்லாததால் புத்தகங்கள் தரையில் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. அவர் மடியில் டயர் முதலாளி திறந்திருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் துண்டுச்சீட்டு இல்லாத ஒரு புத்தகத்தை நடுவில் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்தாள்.

“ஒக்காரும்மா. கார்டு இல்லாம வந்திருக்கே.”

“வேலைய விட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு சார்.”

“ஆமா இல்ல?” அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். “நேத்து சாயங்காலத்துலேருந்து படிக்கறேன். எழுத்தாளர் இருக்காரே, அவர் குறிப்புகளக் காட்டினப்ப நானும் நம்பிட்டேன். நான்தான் எழுதினேன்னு. வயசாயிடுச்சு, மறந்திருப்போம்னு நினைச்சேன். கண்ணுல தண்ணிகூட வந்துது. நான் இவ்வளவு நல்லவனா இருந்திருக்கேனான்னு.”

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்புறம் இங்க வந்து மாட்டிக்கிட்டேன்.” விரலை வைத்துக் காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தார். “‘இன்று என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மீட்டிங்குக்கு நாற்பது நிமிடம் தாமதம். பரவாயில்லை.’” புத்தகத்தை மூடினார். “நாப்பது நிமிஷம் லேட்டு. நான் எழுதியிருந்தா அங்க ‘பரவாயில்லை’ வந்திருக்காது. அன்னிக்கு லேட்டா வந்ததுக்கு உன்ன எல்லார் முன்னாடியும் கத்தினேன். சரியா?”

“ரெண்டு தடவ கத்தினீங்க சார்.”

“கத்தியிருப்பேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்ப நான் சொல்றதக் கேளு. இது உன்னோடதுன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? ஊரு படிக்கும். அது போகட்டும். உன் பொண்ணு இங்கதான் வேல பாக்கறா. அவதான் பக்கம் போடறா. எது யாரப் பத்தி எழுதினதுன்னு ஒரு நிமிஷத்துல கணக்குப் போட்டுடுவா. அந்த ஏழாம் மாசம்…” நிறுத்தினார். எங்கே நிறுத்தவேண்டும் என்பது அவருக்கு எப்போதும் தெரியும். “என் பேர்ல இருந்தா யாருக்கும் வலிக்காது. எனக்குக் குழந்தை குட்டி கிடையாது. யாரும் என்னைப் பாத்து, அப்பா, என்னையா வேண்டாம்னு நினைச்சீங்கன்னு கேக்கப் போறதில்ல. உன்னோட ரகசியம் என்கிட்ட பத்திரமா இருக்கும். இதுவரைக்கும் என் அலமாரிலதானே இருந்துது?”

முதலில் பயம். பிறகு பொருள். அவளே எழுதிக் கொடுத்த கார்டு. எழுபத்தொன்பது வயதிலும் ஒரு பிசிறு இல்லாமல் செய்தார். அதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அதைவிட மோசம், அந்தப் பொருளை வாங்கிக்கொள்ளலாம் என்று கை தானாகக் கைப்பையைத் திறந்து மடித்த தாளை வெளியே எடுத்தது. முப்பத்தொரு வருடப் பயத்துக்கு ஒரு கையெழுத்து. இதைவிடச் சுலபமாக என்ன கிடைத்துவிடும்?

“உங்களுக்கு எதுக்கு சார் இது?” என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

சீஃப் பெட்டிகளைப் பார்த்தார். அவர் பேசியபோது அதில் விற்பனை இல்லை.

“மூணு புஸ்தகம் வந்தாச்சு. மூணையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதுல என்னைத் தேடினேன், கிடைக்கல. ஊர்ல உள்ளவன் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு நாப்பது வருஷம் சொல்லியிருக்கேன். எனக்குள்ள என்ன ஓடிச்சுன்னு யாராவது கேட்டா சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. இது இருக்கு. நல்லா இருக்கு. நீதான் வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ணப்போறதில்லையே. எனக்குக் குடுத்துடேன்.”

பொம்மை கேட்கும் குழந்தையின் முகம். அவளுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. கேட்டால் கிடைக்கும் என்று இத்தனை வருடம் பழகிப்போன முகம். அவர் கேட்டு இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லையென்று சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டபோதுகூடச் சொல்லவில்லை.

விரலைப் பற்றி யோசித்தாள். அன்று காலை வெந்நீர் கொதித்து வழிந்துகொண்டிருந்தது. தொட்டிலுக்குள் கையை விட்டபோது பிடித்துக்கொண்டது. ஐந்து விரல்களும் சேர்ந்து அவளுடைய ஒரு விரலை. எடுக்கப் பார்த்தாள், விடவில்லை. பல மாதங்களாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தாடையிலிருந்து கழன்று விழுந்ததை அவள் அப்போது கேட்டாள். ‘இது வராமலே இருந்திருக்கலாம்’ இல்லாமல் அந்த ‘பரவாயில்லை’ இல்லை. இரண்டும் ஒரே கை எழுதியது. ஒன்றை ஒளிக்க இன்னொன்றையும் கொடுக்கவேண்டும். சலவைத்தூளுக்கு விரலைப் பிடிக்கத் தெரியாது.

கண்ணாடிக் கதவு திறந்தது. வாழ்க்கைக்காரர் முன்னால் வந்தார். பின்னால் கையில் கடைசிப் பிரதித் தாள்களோடு மகள்.

“எல்லாம் ரெடி,” என்றார் வாழ்க்கைக்காரர். “கார்டு அக்கா கையெழுத்துப் போட்டா கிளம்பிடும். போட்டோ எடுத்துக்கலாமா? கையெழுத்துப் போடற மாதிரி ஒண்ணு. சார் பக்கத்துல நின்னா நல்லா இருக்கும்.”

சீஃப் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். தடியான, தங்க முனைப் பேனா. அதைக் கொண்டு அவர் கையெழுத்தைத் தவிர எதுவும் எழுதியதில்லை.

அவள் மடித்த தாளை மேசைமேல் விரித்தாள். நடுவில் விழுந்திருந்த மடிப்பை உள்ளங்கையால் இரண்டு முறை நீவினாள். பிறகு, அதை அவர் பக்கமாகவே தள்ளி வைத்தாள்.

“நான் போடல சார்.”

“என்னக்கா, ஏதாவது வார்த்த மாத்தணுமா?” என்றார் வாழ்க்கைக்காரர். “‘நேரில் அறிவேன்’ வேண்டாம்னா எடுத்துடலாம்.”

“வார்த்தையெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“பின்ன?”

“அவர் எழுதல.”

வாழ்க்கைக்காரர் சிரிக்கலாமா என்று சீஃபைப் பார்த்தார். சீஃப் சிரிக்கவில்லை. “பின்ன யாரு எழுதினது?” என்று கேட்டார் வாழ்க்கைக்காரர், காப்பிக் கறைக்கு எழுதிய ரெண்டரைப் பக்கமும் கண்முன்னால் கரைகிற முகத்தோடு.

மகள் தாளை எட்டிப் பார்த்தாள். மடிப்புக்கு மேலே, வெறும் பழக்கத்தில் அம்மா நேற்றே பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்: ‘பத்து மணிக்குள்.’ மகள் அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தாள். கையிலிருந்த கட்டின் மேல் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து நேற்றைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஒரு கை, தனக்கே தெரியாமல், மூக்கு நுனிக்குப் போனது.

“அம்மா,” என்றாள்.

“வீட்டுக்குப் போய்ப் பேசலாம் பாப்பா. எல்லாத்தையும் சொல்றேன். மத்ததையும் நீ படிக்கணும்.”

மகள் தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். தருவதற்கா, வைத்துக்கொள்வதற்கா என்று தெரியவில்லை.

“யோசிச்சுச் சொல்லும்மா,” என்றார் சீஃப். பேனா இன்னும் நீட்டியபடியே இருந்தது. “பத்தாக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.”

“இல்ல சார்,” என்றாள் அவள். இருபத்திரண்டு வருடம் ‘கார்டு ரெடி சார்’ என்று சொன்ன அதே குரலில்.